எங்கள் வீட்டில் நான்கு வாக்குகள்

உயர்தர அரசியல் விஞ்ஞான வகுப்பில் சர்வசன வாக்குரிமை பற்றிப் படித்துக்கொண்டிருந்த நாளில், பின்வரிசைத் தோழி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "மிஸ், புருசன் ஒரு கட்சி, பொஞ்சாதி இன்னொரு கட்சி எண்டா வீட்டுல சண்டை வராதா?" வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "பெண்களுக்கு வாக்குரிமை குடுக்கக்கூடாது எண்டு சொன்னவங்க உலகம் பூராவும் கேட்ட கேள்விதான் இது. ஒரு கட்டுரையா எழுதிக் கொண்டு வாங்க" என்றார். கேட்டவள் அவள், எழுத அகப்பட்டவள் நான். ஏனென்றால் சிரிப்பு அடங்குவதற்குள், "எங்கட வீட்டுல வந்திருக்கு மிஸ்" என்று நான் வாயைத் திறந்துவிட்டேன்.

ஆகவே எங்கள் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். வாப்பாவிடமும் உம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். "கட்சிப் பேர மட்டும் போட்டுராத" என்றார் வாப்பா. போடவில்லை.

2018 பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். எனக்கு அப்போது பத்து வயது. பெரும்போக அறுவடைக் காலம். ஒரு நாள் பின்னேரம் வாப்பா வயலிலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். கடப்படியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கட்சிக்காரர் ஒருவர் இறங்காமலே கொப்பியைத் திறந்து, "காக்கா, உங்கட வீட்டுல எத்தின?" என்றார். "நாலு" என்றார் வாப்பா. அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நாலு என்றால் வாப்பா, உம்மா, உம்மம்மா, சாச்சி. நான்கில் மூன்று பெண்கள். மூவரும் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மா எழுந்து வந்து, "இஞ்ச பாருங்க, எண்ட வோட்ட ஏன் நீங்க எண்ணிக் குடுக்கிறீங்க?" என்று கேட்டார். பகிடி என்று நினைத்து வாப்பா சிரித்தார். உம்மாவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இந்த "வீட்டுக்கு இத்தனை" என்ற கணக்கு நம் ஊரின் கண்டுபிடிப்பு அல்ல. அதற்கு ஒரு தத்துவமே இருந்திருக்கிறது. ஜேம்ஸ் மில் என்ற பிரித்தானிய அறிஞர் 1820இல் அரசாங்கம் பற்றி எழுதிய கட்டுரையில், பெண்களின் நலன் அவர்களின் தகப்பனின் அல்லது கணவனின் நலனுக்குள் அடங்கிவிடுகிறது, ஆகவே அவர்களுக்குத் தனியாக வாக்கு வேண்டியதில்லை என்ற கருத்தைச் சொன்னார். அவருடைய மகன்தான் நாம் பாடத்தில் படிக்கும் ஜோன் ஸ்டுவர்ட் மில். மகன் பாராளுமன்ற உறுப்பினரானபோது, 1867இல், வாக்குரிமைச் சட்டத்தில் ஆண் என்று இருந்த இடத்தில் ஆள் என்று மாற்றும்படி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக 73, எதிராக 196. தோற்றுப்போனது. தகப்பனின் நலனுக்குள் மகனின் கருத்தே அடங்கவில்லை. மனைவியின் கருத்து எப்படி அடங்கும் என்று எனக்குத் தோன்றியது.

நமது கதைக்கு வருவோம். டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தது. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதன் செயலாளராக இருந்த எக்னஸ் டி சில்வாவும் தோழியரும் ஆணைக்குழு முன் சாட்சியமளித்தார்கள். எக்னஸின் கணவர் கண்டியில் சட்டத்தரணியாக இருந்த ஜோர்ஜ் ஈ. டி சில்வா. அவர் மனைவியின் கோரிக்கைக்குத் துணை நின்றார். மறுபுறத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று வாதிட்டவர்களுள் முக்கியமானவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் 1913இல் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்காக ஒரு பெரிய கல்லூரியை நிறுவியவரும் அவர்தான். பெண் படிக்கட்டும், ஆனால் வாக்களிக்க வேண்டாம். இந்த இரண்டு எண்ணமும் ஒரே மனிதரின் தலைக்குள் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன. இன்றும் நமது ஊரில் மகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பிவிட்டு, "யாருக்குப் போடுறது எண்டு நான் சொல்றன்" என்று சொல்லும் வாப்பாமார் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு இந்த இரண்டும் முரண்பாடாகத் தெரிவதில்லை.

ஆணைக்குழு, ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. கடைசியில் இருபாலாருக்கும் 21 என்றே ஆனது. (18 ஆகக் குறைந்தது 1959இல்.) 1931 ஜூன் மாதம் இலங்கைப் பெண்கள் முதன்முதலாக நாட்டுத் தேர்தலில் வாக்களித்தார்கள். பிரித்தானியப் பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை கிடைத்து அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அதன் பிறகு சபைகளுக்கு வந்த பெண்களின் வரிசையைப் பார்த்தால் ஒரு விசயம் புலப்படும். முதலாவதாக வந்தவர் அட்லின் மொலமூரே. தகப்பன் இறந்ததால் வெற்றிடமான ருவன்வெல்லத் தொகுதியில் 1931 நவம்பரில் தெரிவானார். இரண்டாவது நேசம் சரவணமுத்து. தேர்தல் வழக்கில் கணவர் இழந்த கொழும்பு வடக்குத் தொகுதியில் 1932இல் தெரிவானார். 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க, கணவர் கொலை செய்யப்பட்ட பின் அரசியலுக்கு வந்தவர். நமது மண்ணில் பிறந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் வபாத்தானார்கள். ஒரு மாதத்துக்குள் நடந்த பொதுத் தேர்தலில் அவர்களின் மனைவி பேரியல் அஷ்ரப் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார். பின்னர் அமைச்சராகவும் சிங்கப்பூருக்கான உயர்ஸ்தானிகராகவும் இருந்தார். அந்தத் தேர்தலில் சம்மாந்துறையிலும் கல்முனையிலும் ஆண்கள் வரிசையில் நின்று ஒரு பெண்ணுக்கு விருப்பு வாக்கு அளித்தார்கள் என்று உம்மம்மா சொல்வார்.

இவர்கள் எல்லோரும் திறமைசாலிகள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணவன் அல்லது தகப்பன் விட்ட இடத்திலிருந்து தொடரும் பெண்ணுக்கு நமது சமூகம் வழி விடுகிறது. கணவன் உயிரோடு, பக்கத்திலேயே, வேறு கருத்தோடு இருக்கும்போது தன் கருத்தைச் சொல்லும் பெண்ணுக்கு என்ன செய்கிறது? அங்கேதான் என் தோழியின் கேள்வி வருகிறது.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. எங்கள் வட்டாரத்தில் வாப்பாவின் கட்சி ஓர் ஆணை நிறுத்தியிருந்தது. வேறொரு கட்சி ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தது. உள்ளூராட்சிச் சபைகளில் குறைந்தது 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டத்தின்படி நடந்த முதல் தேர்தல் அது. 2016இலும் 2017இலும் செய்யப்பட்ட திருத்தங்களின் பயன் அது. அதற்கு முன் நாடு முழுவதும் இந்தச் சபைகளில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் பெண்களாக இருக்கவில்லை. சட்டம் வட்டார வேட்பாளர்களில் 10 வீதத்தையும், மேலதிகப் பட்டியலில் பாதியையும் பெண்களுக்கு என்றது. ஆகவே பெரும்பாலான பெண்கள் பட்டியல் வழியாகத்தான் வந்தார்கள். வட்டாரத்தில் இறங்கிப் போட்டியிட்டவர்கள் குறைவு. எங்கள் வட்டாரத்தில் ஒருவர் இறங்கியிருந்தார். சபைத் தேர்தலில் விருப்பு வாக்கு இல்லை, ஒரே ஒரு புள்ளடிதான். பாராளுமன்றத் தேர்தல் என்றால் ஒரே கட்சிக்குப் போட்டுவிட்டு மூன்று விருப்பில் ஒன்றை உனக்கு, ஒன்றை எனக்கு என்று சமாதானம் செய்துகொள்ளலாம். இதில் அதற்கு வழியில்லை.

வாப்பாவின் வாதத்தை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெண் என்பதற்காக அவர் எதிர்க்கவில்லை. "சட்டத்துக்குக் கணக்குக் காட்டத்தான் இவங்க பொம்புளையப் போட்டிருக்காங்க. சபைக்கு அவ போவா, பேசுறது அவட புருசன்தான்" என்றார். உம்மாவுக்கு இதற்குப் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் சில இடங்களில் நடப்பது அதுதான் என்பதால் எனக்கும் இல்லை. ஆனால் உம்மா வேறொன்று சொன்னார். "சபைட வேல என்ன? குப்பை, தெரு லைட்டு, வடிகான், சந்தை. இதுல எது எங்களுக்குத் தெரியாத விசயம்? ராவையில லைட்டில்லாத ஒழுங்கையால மகளக் கூட்டிக்கிட்டு டியூசனால வாறது நானா, நீங்களா?"

அந்த மகள் நான்தான்.

வாப்பாவிடம் இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் உண்மையான காரணம் என்று இப்போது நினைக்கிறேன். "நான் வாக்குக் குடுத்துட்டன் புள்ள" என்றார். தமிழில் வாக்கு என்றால் சொல். கொடுத்த சொல்லை மீறக்கூடாது என்பதும் அதனால்தான். தேர்தலில் இடும் புள்ளடிக்கும் அதே பெயரை வைத்துவிட்டோம். வாப்பா கட்சிக்காரருக்குக் கொடுத்த சொல் வாப்பாவுடையது. அதை அவர் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் மற்ற மூன்று பேரும் யாருக்கும் சொல் கொடுக்கவில்லை. "நீங்க குடுத்தது உங்கட வாக்கு. எண்ட வாக்கு இன்னும் எனக்கிட்டத்தான் கிடக்கு" என்று உம்மா சொன்னபோது சாச்சி உள்ளே சிரித்துவிட்டார். வாப்பா சேட்டை மாட்டிக்கொண்டு மஃரிபுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றையும் எழுத வேண்டும். அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் கலியாணம் முடிந்ததும் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். குடி என்பதும் தாய்வழிதான். நான் உம்மாவின் குடி. வாப்பாவின் குடி அல்ல. எங்கள் வீட்டின் உறுதியும் உம்மாவின் பெயரில் இருக்கிறது. வீடு உம்மாவுடையது; அந்த வீட்டின் வாக்குகளை எண்ணிக் கொடுத்தவர் வாப்பா. வெளியூர்த் தோழியரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நாங்களோ இதில் ஒன்றும் விசித்திரமில்லை என்பது போல வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 93ஆம் உறுப்புரை, வாக்களிப்பு சுதந்திரமானதாகவும் சமமானதாகவும் இரகசியமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இந்த மூன்றில் இரகசியம் என்பதை நான் முன்பு கள்ள வோட்டைத் தடுக்கும் ஏற்பாடு என்று மட்டும் நினைத்திருந்தேன். 1931இல் நடந்த தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி வைத்திருந்தார்களாம். எழுத்துத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துப் போடலாம். இப்போது எல்லாருக்கும் ஒரே பெட்டி. சாவடிக்குள் போனால் அலுவலர் நமது பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடு போடுவார்கள். யார் வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். யாருக்குப் போட்டார் என்பது அந்த அட்டை மறைப்புக்குள் நின்ற ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி, கட்சிக்காரர், பள்ளித் தலைவர், கணவர் எல்லோருமே மறைப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பார்வையற்றவருக்கும் உடல் இயலாதவருக்கும் உதவியாளர் ஒருவரைச் சட்டம் அனுமதிக்கிறது. மனைவியாக இருப்பது ஓர் இயலாமை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்த மறைப்பு என்ன செய்யும் என்பதை உம்மம்மாவிடம்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் கேட்டபோது, முதலில், "உங்கட மூத்தப்பா காட்டின படத்துக்குத்தான் நான் எந்த நாளும் புள்ளடி போடுற" என்றார். வோட்டுக்கு முதல்நாள் இரவு மூத்தப்பா சின்னத்தைத் தரையில் கரித்துண்டால் கீறிக் காட்டுவாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருக்கா மட்டும் மாத்திப் போட்டன்" என்றார். எந்தத் தேர்தல், யாருக்கு என்று சொல்லவில்லை. ஏன் என்று மட்டும் சொன்னார். பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருவர் செய்த உதவியாம். மூத்தப்பா வபாத்தாகும்வரை அவரிடம் சொல்லவேயில்லை. "சொல்லியிருந்தா ஏசியிருப்பாரா?" என்று கேட்டேன். "ஏச மாட்டாரு. கவலப்பட்டிருப்பாரு" என்றார். எத்தனையோ வருடம் ஒரு புள்ளடியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஒரே பாயில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறார். இதை வெற்றி என்று எழுதுவதா, வேதனை என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"கணவருக்குக் கட்டுப்படுவது மார்க்கம் அல்லவா?" என்று இந்த மலரை வாசிக்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் கேட்கலாம். இதை எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கேட்டேன். அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "மக்கா வெற்றியின்போது பெண்கள் எப்படி பைஅத் செய்தார்கள்?" ஆண்களின் பைஅத்துக்குள் மனைவியரின் பைஅத்தும் அடங்கிவிட்டது என்று நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடவில்லை. பெண்களிடம் தனியாக வாங்கினார்கள். ஸூரா அல்-மும்தஹினாவின் 12ஆவது வசனம் அதைப் பற்றியதே. அன்று வந்தவர்களுள் அபூஸுப்யானின் மனைவி ஹிந்தும் ஒருவர். கணவர் முதல்நாள் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டு வந்தபோது எல்லோர் முன்னிலையிலும் அவரை ஏசியவர். மனம் மாறியபோது கணவரின் பின்னால் ஒளிந்து வராமல் தன் வாயால் பைஅத் செய்தார். இடையில் கேள்விகளும் கேட்டார். கணவர் செலவுக்குப் போதியளவு தருவதில்லை என்று முறையிட்டார். ஹுதைபியாவில் தோழர்கள் மனம் உடைந்திருந்த வேளையில் உம்மு ஸலமா (ரழி) அவர்கள் சொன்ன ஆலோசனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்று நடந்தார்கள். ஸூரா அத்தஹ்ரீமின் இறுதியில் பிர்அவ்னின் மனைவி விசுவாசிகளுக்கு உதாரணமாகக் காட்டப்படுகிறார். உலகத்திலேயே ஆகப்பெரிய ஆட்சியாளனுக்கு வீட்டுக்குள் இருந்த எதிர்க்கருத்து அது.

ஈமான் வேறு, பிரதேச சபைத் தேர்தல் வேறு. இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. வாக்கைச் சாட்சியம் சொல்வதற்கு ஒப்பிட்டு விளக்கிய உலமாக்கள் இருக்கிறார்கள். சாட்சி, தான் கண்டதைத்தான் சொல்ல முடியும். லைட்டில்லாத ஒழுங்கையைக் கண்டவர் உம்மா.

சரி, சண்டை வருமா, வராதா? அயல் நாட்டில் இரண்டு தம்பதியரின் கதையைத் தேடி எடுத்தேன். ஆச்சார்ய கிருபளானி இந்தியா சுதந்திரமடைந்த நேரத்தில் காங்கிரஸின் தலைவராக இருந்தவர். 1951இல் காங்கிரஸை விட்டு விலகினார். அவருடைய மனைவி சுசேதாவும் கூடவே வெளியேறினார். ஆனால் பின்னர் காங்கிரஸுக்குத் திரும்பிவிட்டார். கணவர் திரும்பவில்லை. 1963 ஆகஸ்டில் நேருவின் அரசாங்கத்துக்கு எதிராக இந்தியப் பாராளுமன்றத்தின் முதலாவது நம்பிக்கையில்லாப் பிரேரணையைக் கொண்டுவந்தவர் கிருபளானி. அதே ஆண்டு ஒக்டோபரில் அதே காங்கிரஸின் சார்பில் உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சரானவர் சுசேதா. இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சர் அவர்தான். கணவர் அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பார்க்கிறார். இரண்டு மாதத்தில் மனைவி அந்தக் கட்சியின் முதலமைச்சர். 1974இல் சுசேதா காலமாகும்வரை அவர்கள் கணவன் மனைவியாகவே இருந்தார்கள்.

மற்றக் கதை கேரளத்தில். கே.ஆர். கௌரியும் டி.வி. தோமஸும் 1957ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருவருமே அமைச்சர்கள். அதே ஆண்டில் திருமணம். 1964இல் கட்சி இரண்டாக உடைந்தது. கணவர் ஒரு பக்கம், மனைவி மறு பக்கம். 1967இல் இரு கட்சிகளும் கூட்டாக ஆட்சிக்கு வந்தபோது இருவரும் மீண்டும் ஒரே அமைச்சரவையில், ஆனால் வேறு வேறு கட்சியின் அமைச்சர்களாக இருந்தார்கள். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. பிரிந்துவிட்டார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் தோழியின் கேள்விக்கு ஒரு விடை கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. ஒன்று உடைந்தது, ஒன்று உடையவில்லை. கருத்து வேறுபாட்டின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வீட்டை உடைப்பது வாக்கு என்று சொல்ல என்னால் முடியாது.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். பெண்கள் சம்பந்தப்பட்ட கேள்விகளில் கணவனும் மனைவியும் வேறுபடும்போது அது தெரு விளக்கைப் போல இலகுவாக முடிவதில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்படி காதியாக ஒரு பெண் நியமிக்கப்பட முடியாது. மணமகளின் கையொப்பம் பதிவுக்குத் தேவையில்லை. வலியின் கையொப்பம் போதும். இதைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 2018இல் அறிக்கை கையளிக்கப்பட்டபோது குழுவுக்குள்ளேயே இரண்டு நிலைப்பாடுகள் இருந்தன. மார்க்கம் கற்றவர்களும் சட்டம் கற்றவர்களும் ஒன்பது வருடம் கூடியிருந்து ஒரே முடிவுக்கு வர முடியாத விடயத்தில், ஒரு குசினிக்குள் இருவர் வேறுபடுவது குற்றமா? என் கருத்தைக் கேட்டால், என் நிக்காஹ் பதிவில் என் கையொப்பம் இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். வாப்பாவுக்கு இதில் தயக்கம் உண்டு. பாராளுமன்றத்துக்கு யாரை அனுப்புகிறோம் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நான் வாக்களிக்கும்போது இதையும் யோசிப்பேன். வாப்பா வாக்களிக்கும்போது வேறொன்றை யோசிப்பார்.

2018ஆம் ஆண்டுக் கதையை முடிக்கவில்லை. வாக்களிப்பு நாளில் உம்மாவும் உம்மம்மாவும் சாச்சியும் அபாயா போட்டுக்கொண்டு ஒன்றாகப் போனார்கள். நானும் போனேன். வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. திரும்பி வரும்போது மூவரின் விரலிலும் மை. வழியில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இரவு சாப்பாட்டில் வாப்பா, "அப்ப, எங்க போட்ட?" என்றார். உம்மா, "பெட்டிக்குள்ள" என்றார். வாப்பா மேலே கேட்கவில்லை. அடுத்த இரண்டு மூன்று நாட்கள் வீட்டில் பேச்சுக் குறைவாகத்தான் இருந்தது. தேநீரை உம்மா மேசையில் வைத்துவிட்டுப் போவார், வாப்பா எடுத்துக் குடிப்பார். எங்கள் வட்டாரத்தில் அந்தப் பெண் தோற்றார். வாப்பாவின் கட்சிக்காரரும் வெல்லவில்லை. மோட்டார் சைக்கிள்காரர் ஒரு நாள் வந்து, "நாலு எண்டு சொன்னீங்க காக்கா" என்று கணக்குக் கேட்பதுபோல் இழுத்தார். வாப்பா, "நான் எண்டத மட்டும்தான் கண்டன் தம்பி" என்றார். உம்மா அன்று குசினியில்தான் இருந்தார். கேட்டிருப்பார்.

கடந்த தேர்தல்களில் வாப்பா யாருக்கும் எண்ணிக்கை சொல்லவில்லை. கட்சிக்காரர் கேட்டால், "உள்ள இருக்காங்க, கேளுங்க" என்கிறார். யாரும் உள்ளே வந்து கேட்பதில்லை என்பது வேறு விடயம். எங்கள் ஒழுங்கையில் ஒரு விளக்குப் போட்டிருக்கிறார்கள். அடிக்கடி அணைந்துவிடும். உம்மாவும் வாப்பாவும் இன்னும் அரசியல் பேசுகிறார்கள், இன்னும் ஒத்துப்போவதில்லை. செய்திக்கு நடுவில் வாப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு உம்மாவின் பதிலைக் கேட்பதை மட்டும் நான் கவனித்திருக்கிறேன்.

இந்த வருடம் கிராம உத்தியோகத்தர் வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கொண்டுவந்தார். பிரதான குடியிருப்பாளர் என்ற இடத்தில் வாப்பா வழமைபோலத் தன் பெயரையே எழுதினார். உம்மா பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் கீழே உம்மா, உம்மம்மா. சாச்சி கலியாணம் முடித்துத் தன் வீட்டில் இருக்கிறார். நான்காவது வரியில் வாப்பா என் பெயரை எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். பிறந்த திகதியை ஒரு நாள் பிழையாக எழுதியிருந்தார். நான் வாங்கித் திருத்திக் கொடுத்தேன்.